தென்னந்தோப்பில் ஏர் ரைஃபிள் டிரில்: எதைச் சுடுவது, எதைப் படம் பிடிப்பது?

தம்பி கேட்டது இதுதான். உடுமலைப்பேட்டைப் பக்கம் நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஐந்து பேர், கையில் இரண்டு .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் (.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குழல்; ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்திச் சுடுவது). ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் டார்கெட் டிரில்கள் செய்து வீடியோ எடுக்க வேண்டும். "சும்மா டப்பாவைச் சுட்டுட்டு வந்த மாதிரி இருக்கக்கூடாது, பார்க்கிறவங்க கடைசி வரைக்கும் பார்க்கணும். என்ன டிரில் வைக்கலாம், கேமராவை எங்கே வைக்கலாம்?"

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைக் காட்டும் வீடியோ ஊரில் ஏகப்பட்டது இருக்கிறது. தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது, கேமராவை நோக்கிக் குழலைத் திருப்புவது, பின்னணியில் ஒரு பாட்டு. பத்து நொடிக்கு மேல் அதில் பார்க்க ஒன்றுமில்லை. போலீஸ் வீட்டுக்கு வருவதும் அந்த மாதிரி ரீல்ஸால்தான். அதனால் சுடுகிறவர் என்ன செய்கிறார், அதனால் டார்கெட்டில் என்ன ஆகிறது என்பதைக் காட்டுகிற டிரில்களாகத் தேர்ந்தெடுங்கள். தோற்கவும் இடமிருக்கிற டிரில்தான் பார்க்கச் சுவாரசியம்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. .22 என்றால் உரிமம் வேண்டும். உங்களுடைய .177 பெரும்பாலும் வரம்புக்குள்தான் இருக்கும். அரை கிராம் பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 10 ஜூல்தான். ஆனால் யாராவது ஸ்பிரிங்கை மாற்றி "பவர் ஏற்றிய" துப்பாக்கியைக் கொண்டுவந்தால் அதைத் தொடாதீர்கள். வாங்கிய பில்லைக் கூடவே வைத்திருங்கள். பைக்கில் திறந்தபடி கொண்டுபோகாமல் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். தோப்பு உரிமையாளரின் சம்மதம் வாங்குங்கள், பக்கத்துத் தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உரிமம் தேவையில்லை என்பதால் எப்படி வேண்டுமானாலும் சுடலாம் என்றில்லை. அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு பாயும். அணில், மயில், கொக்கு எதுவும் குறியாகக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டினால் நீங்கள் எடுத்த வீடியோவே சாட்சியாகிவிடும்.

இனி இடம். இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஏர் ரைஃபிள்தானே என்று அலட்சியம் வேண்டாம், மேல்நோக்கிப் போன .177 பெல்லட் முந்நூறு மீட்டர் தாண்டியும் விழும். ஆகவே டார்கெட்டுக்குப் பின்னால் மண் வேண்டும். உங்கள் பக்கத்துத் தோப்புகளில் பழைய கிணறு வெட்டிய மண்மேடு கட்டாயம் ஒன்று இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், அகலமாகவும் இருக்கும். பார்த்தவுடன் "இதுதான் இடம்" என்று தோன்றும். ஆனால் கிட்டே போய்க் கையால் கிளறிப் பாருங்கள். கிணற்று மண்ணில் பாதி பாறைச் சில்லுதான். வெடி வைத்து உடைத்த கல் முனை முனையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஈய பெல்லட் கல்லில் பட்டால் பெரும்பாலும் நசுங்கி விழும். சாய்வான முனையில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மேட்டை இரண்டாவது அரணாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் சலித்த மணல் நிரப்பிய சாக்குகளை மூன்றடுக்காக அடுக்குங்கள். டார்கெட் சாக்கின் நடுவில் வரட்டும், ஓரத்தில் வேண்டாம்.

தென்னை மரத்தையே தடுப்பாக வைத்துச் சுடுவதைப் பலர் செய்கிறார்கள். வேண்டாம். வளைந்த பரப்பு, ஓரத்தில் பட்டால் பெல்லட் வழுக்கிக்கொண்டு போகும். மரத்துக்கும் நல்லதல்ல. வாய்க்கால், தொட்டி, குட்டை எதையும் நோக்கிச் சுடாதீர்கள். தாழ்வான கோணத்தில் வந்தால் தண்ணீரிலும் குண்டு தெறிக்கும். சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று முன்கூட்டியே பாருங்கள். குழாயில் ஓட்டை விழுந்தால் அடுத்த முறை தோப்புக்குள் விடமாட்டார்கள்.

திசை முக்கியம். சுடுகிறவர் தெற்கில் நின்று வடக்கு நோக்கிச் சுடும்படி அமைத்தால் காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காது. டார்கெட்டிலும் வெளிச்சம் ஓரளவு சீராக விழும். பூமியின் வட பாதியில் இருக்கும் நாடுகளில் சுடுதளங்களை வடக்குப் பார்த்துக் கட்டுவது இதற்காகத்தான். நேரம் என்றால் காலை ஏழிலிருந்து பத்துக்குள். உடுமலைப் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்கே தெரியும். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள். பத்து மீட்டரில் அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது, முப்பது மீட்டரில் பெல்லட்டைச் சில சென்டிமீட்டர் தள்ளிவிடும். மைக்கில் "புஸ்ஸ்" என்ற இரைச்சல் தவிர வேறெதுவும் பதியாது. முடிந்தால் மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்புக்கு ஆள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். மட்டை பொறுக்குகிறவர், மோட்டார் போட வருகிறவர், ஆடு ஓட்டிக்கொண்டு குறுக்கே போகிற அம்மா. அதனால் ஐந்து பேரில் ஒருவர் சுடவும் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. முறை மாற்றிக்கொள்ளலாம். அவர் "சுடலாம்" என்றால்தான் சுட வேண்டும். "நிறுத்து" என்று மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம், கத்தியவுடன் எல்லோரும் நிறுத்த வேண்டும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். டார்கெட் மாற்ற ஒருவர் முன்னே போகும்போது இரண்டு ரைஃபிளும் குழல் மடக்கித் திறந்த நிலையில் மேசை மேல் இருக்க வேண்டும், யாரும் அதைத் தொடக்கூடாது. மடக்கு ரைஃபிளில் உள்ள பெரிய வசதி இது. திறந்திருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும்.

கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், கேமராக்காரருக்கும். கூலிங் கிளாஸ் போதாது. ஐ.எஸ். 5983 முத்திரை உள்ள பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அப்புறம், ஸ்டீல் பி.பி. குண்டுகளை (உருண்டையான சின்ன இரும்புக் குண்டுகள்) வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அவை நசுங்காது, நேராகத் திரும்பி வரும்.

சரி, டிரிலுக்கு வருவோம்.

முதல் டிரில் குரூப், அதாவது ஓட்டைகள் விழும் கொத்து. வெற்றுத் தாளில் பேனாவால் ஒரு புள்ளி, பத்து மீட்டர், ஐந்து குண்டு. ஓட்டைகள் புள்ளியில் விழுந்தனவா என்பதைப் பார்க்காதீர்கள், ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதைப் பாருங்கள். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து, அதைக் கேமராவுக்குக் காட்டுங்கள். இந்த அளவுதான் மீதி வீடியோவுக்கெல்லாம் அடிப்படை. ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) போட்டிருந்தால் குரூப்பை நகர்த்தும் கணக்கையும் இங்கேயே காட்டலாம். கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) திருகியின் ஒரு கிளிக் பத்து மீட்டரில் ஏறக்குறைய 0.7 மி.மீ. நகர்த்தும். குரூப் இரண்டு சென்டிமீட்டர் கீழே விழுகிறதென்றால் இருபத்தெட்டு கிளிக் போல வேண்டும். நாலு கிளிக் திருப்பிவிட்டு "ஸ்கோப் சரியில்லை" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் குரூப் சிதறும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே, உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டன் ரைஃபிளை முன்னும் பின்னும் உதறுகிறது. அந்த உதறல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க, முன்னால் தாங்கும் கையின் உள்ளங்கையைத் திறந்து வைத்து அதன் மேல் ரைஃபிளைச் சும்மா கிடத்த வேண்டும். இதையே ஒரு காட்சியாக்கலாம். ஒரே ஆள், இறுக்கிப் பிடித்து ஐந்து, தளர்த்திப் பிடித்து ஐந்து. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் விளக்கமே வேண்டாம்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்த டிரில். சுட்டவுடன், டார்கெட்டைப் பார்ப்பதற்கு முன், குண்டு எங்கே விழுந்தது என்று சுட்டவரே வாயால் சொல்ல வேண்டும். கடிகாரக் கணக்கில் சொல்லலாம்: "நாலு மணி, வெளியே", "பன்னிரண்டு மணி, புள்ளிக்கு ஒட்டி". டிரிகர் விடுபட்ட அந்தக் கணத்தில் குறி எங்கே நின்றது என்பதைக் கண் பிடித்து வைத்திருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். கண்ணை மூடிவிட்டால் சொல்ல முடியாது. வெறும் ஊகம்தான் வரும். ரைஃபிள் பயிற்சியில் பழைய பாடம் இது. ஸ்கோப் வைத்துச் சுடுகிறவருக்கு பத்து மீட்டரில் ஓட்டை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் சுட்டவுடன் அவர் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வீடியோவுக்கு இதைவிட நல்ல டிரில் கிடையாது. முதலில் ஆள் முகம், அவர் சொன்ன வார்த்தை, ஒரு நொடி இடைவெளி, பிறகு தாளின் குளோஸ்-அப். அந்த ஒரு நொடியில்தான் பார்க்கிறவர் மாட்டிக்கொள்வார். "ஆறு மணி" என்று அடித்துச் சொன்னவரின் ஓட்டை பதினோரு மணியில் இருந்தால் தோப்பே சிரிக்கும். சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி, நடுவில் அடித்தாலும் தவறாகச் சொன்னால் பூஜ்யம் என்று வையுங்கள். நன்றாகச் சுடுகிறவனே ஜெயிப்பான் என்ற நிலை இதில் மாறிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று செய்யுங்கள். சுடுகிறவரின் கண்ணைப் பக்கவாட்டில், அவருக்குச் சற்றுப் பின்னாலிருந்து நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுங்கள். டிரிகர் அழுந்தும் முன்னமே இமை மூடுவது, தோள் லேசாக முன்னே வருவது, சுட்டவுடன் தலை சட்டென்று தூக்குவது எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். "நான் கண்ணை மூடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தவர்கள் அந்த வீடியோவைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள். சுட்ட பிறகு இரண்டு நொடி அப்படியே அசையாமல் இருப்பது இதற்கு மருந்து. துப்பாக்கியில் பெல்லட் போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சுடவைக்கும் டிரில் ஒன்றை வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அதைச் செய்யாதீர்கள். பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் காற்றுத் தடையின்றி மோதி சீல் கெட்டுவிடும்.

மூன்றாவது, ஓடிவந்து சுடுவது. பயத்லான் என்ற பனிச்சறுக்கு விளையாட்டில் வீரர்கள் மூச்சு வாங்க வந்து நின்று 50 மீட்டரில் ஐந்து குறிகளைச் சுடுவார்கள். படுத்துச் சுடும்போது குறி 45 மி.மீ., நின்று சுடும்போது 115 மி.மீ. தவறவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் பெரும்பாலான போட்டிகளில் 150 மீட்டர் கூடுதல் சுற்று. பனி நமக்குக் கிடைக்காது, தோப்பு கிடைக்கும். தூரம் ஐந்தில் ஒரு பங்கானால் குறியும் ஐந்தில் ஒரு பங்கு: பத்து மீட்டரில் படுத்துச் சுட 9 மி.மீ., நின்று சுட 23 மி.மீ. அந்த 23 மி.மீ.க்குத் தேடி அலைய வேண்டாம், பித்தளை நிறத்தில் 2018 வரை வந்த ஐந்து ரூபாய் நாணயத்தின் விட்டம் அதுதான். தாளில் நாணயத்தை வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். நாணயத்தையே சுடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அது தெறிக்கும், நாணயத்தைச் சிதைப்பது குற்றமும்கூட. படுத்துச் சுடும் 9 மி.மீ. தொடக்கத்தில் கொடுமையாக இருக்கும், இரண்டு மடங்காக்கிக்கொண்டாலும் தப்பில்லை.

ஒரு நிபந்தனை. அசல் பயத்லானில் ரைஃபிளை முதுகில் மாட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் ரைஃபிளோடு ஓடவே கூடாது. அது மேசையில் கிடக்கட்டும், ஆள் மட்டும் தென்னை வரிசைக்குள் ஓடிப் போய் வரட்டும். ஓடுகிற பாதை சுடுமிடத்துக்குப் பின்னால், தெற்குப் பக்கம் இருக்க வேண்டும். ஒருவர் சுடும்போது இன்னொருவர் தண்டனைச் சுற்று ஓடிக்கொண்டிருப்பார் என்பதால் இதைப் பாதை போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும்போது ஸ்கோப்பில் குறி மேலும் கீழும் ஆடும். மூச்சை விட்ட கடைசியில் வரும் சின்ன இடைவெளியில் டிரிகரை அழுத்தக் கற்றுக்கொள்வதுதான் இந்த டிரிலின் பலன். அவசரப்பட்டு ஐந்தையும் விட்டவர் ஐந்து சுற்று ஓட வேண்டியிருக்கும். நிதானமாக ஒவ்வொன்றாக அடித்தவர் முன்னே போய்விடுவார். வீடியோவின் கதை இங்கே தானாக வந்துவிடும்.

நான்காவது, உருவக் குறிகள். மெக்சிகோவில் தொடங்கிய போட்டி இது. கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக் கிடா என்று நான்கு உலோக உருவங்களை வெவ்வேறு தூரங்களில் நிற்க வைத்து, நின்றபடி சுட்டுச் சாய்க்க வேண்டும். ஏர் ரைஃபிளுக்கு உருவங்கள் பத்தில் ஒரு பங்கு அளவு. தூரம் 20, 30, 36, 45 கெஜம். உங்களுக்கு அந்தத் தூரமெல்லாம் இப்போது வேண்டாம். கெட்டி அட்டையில் வெட்டி, ஈர மண் கட்டியில் நட்டு, 10, 15, 20 மீட்டரில் வைத்தால் போதும். இதில் ஓட்டை விழுந்தாலும் சாயாமல் நின்றால் கணக்கில்லை என்பது விதி, ஆனால் பெல்லட் அட்டையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால் உருவத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மரத்துண்டை ஒட்டுங்கள், அடி வாங்கியவுடன் சாயும்.

கடைசியாக, உடைகிற குறிகள். வீடியோவில் எல்லோருக்கும் பிடிப்பது இதுதான், எனவே கொஞ்சமாக, கடைசியில் வையுங்கள். சாக்பீஸ் அருமையான குறி. நூலில் கட்டித் தொங்கவிட்டு ஸ்லோ மோஷனில் எடுத்தால் வெள்ளைப் புகை போல வெடிக்கும். பொரித்த அப்பளமும் நன்றாக நொறுங்கும். ஆனால் சுட்டு முடித்தவுடன் பொறுக்கிவிடுங்கள். ஈயத்தூள் பட்ட அப்பளத்தைக் கோழியும் மைனாவும் தின்னும். பலூன் என்றால் ரப்பர் துண்டு ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும், மாடு மேயும் இடம். கண்ணாடிப் பாட்டில் வேண்டவே வேண்டாம். செருப்பில்லாமல் நடக்கிற தோப்பு அது.

கேமராவுக்கு மூன்று இடம் போதும். ஒன்று, சுடுகிறவரின் வலது தோளுக்குப் பின்னால் சற்று உயரத்தில். ஜூம் செய்து 240 ஃபிரேமில் எடுத்தால் பெல்லட் பறப்பதையே பார்க்கலாம். நொடிக்கு 180 மீட்டர் வேகம் என்று வைத்தால் பத்து மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் பதினெட்டில் ஒரு பங்கு ஆகும். 240 ஃபிரேமில் அது பதின்மூன்று படம், சாதாரண 30 ஃபிரேமில் இரண்டு படம்கூட இல்லை. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் பெல்லட்டின் வால் மின்னும். இரண்டு, முன்னே சொன்ன முகக் கேமரா. மூன்றாவது டார்கெட் கேமரா. அதை மனிதர் பிடிக்கவே கூடாது. பழைய போனை டார்கெட்டுக்குப் பக்கத்தில், செங்கல் நாலைந்து அடுக்கி அதன் மறைவிலிருந்து சாய்வாகப் பார்க்கும்படி வைத்து, முன்னால் பாலிகார்பனேட் தகடு ஒன்றைச் சாய்த்துவிடுங்கள். செங்கல் மேலும் ஒரு மணல் சாக்கு போட்டால் நல்லது. ரெக்கார்டிங்கை ஓடவிட்டுத் திரும்பி வந்து, ஆட்கள் எல்லோரும் பின்னால் வந்த பிறகு, ஒரு தட்டு கை தட்டுங்கள். மூன்று போன்களின் ஒலியையும் எடிட்டில் பொருத்த அந்தச் சத்தம் போதும். "குழல் நேராக கேமராவைப் பார்க்கிற ஷாட் ஒன்று எடுத்தால் செமையாக இருக்கும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். காலித் துப்பாக்கியாக இருந்தாலும் வேண்டாம். அந்தப் பழக்கம் கைக்கு வரவே கூடாது.

எடிட்டில் தவறிய குண்டுகளை வெட்டாதீர்கள். சர்வதேசப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளி என்பது நடுவிலுள்ள அரை மி.மீ. புள்ளி. அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் நின்று சுட்டதும் அந்தப் புள்ளியை நோக்கித்தான். அசல் டார்கெட் தாள் ஒன்றை வாங்கி ஒருமுறை நீங்கள் ஐந்து பேரும் சுட்டுக் காட்டுங்கள். மரியாதை தானாக வரும். யாருக்காவது அதிலேயே ஆர்வம் பிடித்துக்கொண்டால் கோயம்புத்தூரில் ரைஃபிள் கிளப் இருக்கிறது, பயிற்சியாளர் மேற்பார்வையில் கற்றுக்கொள்ளலாம்.

ஒரே நாளில் எல்லா டிரிலையும் அடைக்க வேண்டாம். முதல் ஞாயிறு குரூப், வாயால் சொல்லும் டிரில், கடைசியில் சாக்பீஸ். ஓட்டமும் உருவக் குறியும் அடுத்த முறை. வெயில் ஏறி எல்லோரும் சலித்துப்போன பிறகு எடுக்கிற "இன்னும் ஒரே ஒரு ஷாட்"டில்தான் கவனம் சிதறும், அதனால் பத்து மணிக்குக் கடையைக் கட்டிவிடுங்கள். பெல்லட் ஈயம் என்பதால் சுடும்போது கையால் எதையும் தின்னக் கூடாது, பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சாக்குகளைக் கொட்டிச் சலித்தால் சுட்ட பெல்லட் எல்லாம் தனியாகக் கிடைக்கும், டப்பாவில் சேர்த்து எடுத்து வந்துவிடுங்கள். மோட்டார் தொட்டியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம்.